18 மாடுகளுக்கு எந்த இனக் காளை?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். இறைச்சிக்காக வளர்க்கும் 18 மாடுகள் உங்களிடம் இருக்கின்றன. அதில் 14 ஏற்கெனவே கன்று ஈன்ற பசுக்கள், பெரும்பாலும் ஹெர்ஃபோர்டு கலந்தவை. மீதி 4 இன்னும் காளை சேராத கிடேரிகள். கன்றுகளைப் பால் மறந்ததும் விற்றுவிடுகிறீர்கள். பழைய காளைக்கு வயதாகிவிட்டதால் கழித்தாயிற்று. இப்போது ஆங்கஸ், ஷரோலே, லிமோசின் மூன்றில் எதை வாங்குவது என்பது உங்கள் கேள்வி. "நல்ல பெரிய காளையாக வாங்கு, கன்று எடை தானாகக் கூடும்" என்று ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

எந்த இனம் நல்லது என்று பத்துப் பேரிடம் கேட்டால் பத்துப் பதில் வரும். அவரவர் வளர்க்கிற இனம் அவரவருக்கு உசத்தி. உங்கள் நிலைமையைப் படித்ததும் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மந்தையில் இருக்கப்போவது ஒரே ஒரு காளை. அதுவே 18 மாடுகளையும் சினைப்படுத்த வேண்டும். கிடேரி ஒன்றுகூட ஈற்றில் சாகக் கூடாது. விற்கும் நாளில் கன்று எடையோடு நிற்க வேண்டும். பெரிய பண்ணைக்காரர் கிடேரிக்கு ஒரு காளை, பசுவுக்கு ஒரு காளை என்று பிரித்துக்கொள்வார். உங்களால் அது முடியாது. எல்லாவற்றையும் சுமாராகவாவது செய்கிற ஒரு காளை எது என்பதற்குத்தான் பதில் சொல்லப்போகிறேன். 27 ஆண்டுகளாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன், பாதி நேரம் இறைச்சி மாட்டு மந்தைகளில்தான். ஆனால் உங்கள் மாடுகளையும் மேய்ச்சலையும் நான் பார்த்ததில்லை. அதனால் சில இடங்களில் "இப்படியிருந்தால் இப்படி" என்றுதான் சொல்ல முடியும்.

இனத்தைப் பற்றிப் பேசுமுன் ஒன்றை நீங்கள் முடிவு செய்ய வேண்டும்: பிறக்கும் கிடேரிக்கன்றுகளில் சிலவற்றை மந்தையிலேயே வைத்துக்கொள்வீர்களா, இல்லை எல்லாவற்றையும் விற்றுவிடுவீர்களா? மொத்த விஷயமும் இதில்தான் தொங்குகிறது. எல்லாக் கன்றும் விற்பனைக்குத்தான் என்றால், வேகமாக வளர்ந்து சதை பிடிக்கிற இனத்துக் காளை போதும். அதன் மகள்களுக்கு மடி எப்படி, பால் எவ்வளவு என்ற கவலையே வேண்டாம். மகள்களை வைத்துக்கொள்வதென்றால், நாளைக்கு உங்கள் தொழுவத்தில் நிற்கப்போகிற பசுக்களை இன்றைக்கே வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். அப்போது உடலளவு, மடி, பால், குணம் எல்லாம் கணக்கில் வரும். பலர் "எல்லாவற்றையும் விற்றுவிடுவேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டாம் வருடம் அழகான ஒரு கிடேரியைப் பார்த்ததும் மனம் மாறி நிறுத்திக்கொள்வார்கள். நான் பார்த்த சின்ன மந்தைகளில் முக்கால்வாசி இப்படித்தான். அதனால் உங்களுக்குள் நேர்மையாகப் பதில் சொல்லிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு கன்றும் பாதியைத் தகப்பனிடமிருந்து வாங்குகிறது, இது எல்லோருக்கும் தெரியும். மகள்களை வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் காளை மாற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று யோசிப்பவர்கள் குறைவு. மூன்று தலைமுறையில், பிறக்கிற கன்றின் ரத்தத்தில் 87.5 சதவீதம் நீங்கள் வாங்கிய மூன்று காளைகளிடமிருந்து வந்ததாக இருக்கும். இன்றைக்கு உங்களிடம் இருக்கும் பசுக்களின் பங்கு எட்டில் ஒன்றுதான். மூன்று முறை காளை வாங்கினால் மந்தையையே மாற்றி வாங்கியது போலத்தான்.

இப்போது அந்த நான்கு கிடேரிகளுக்கு வருகிறேன். என் கவலை முழுக்க அங்கேதான். தொழிலுக்கு வந்த புதிதில், இருபதுக்குக் கொஞ்சம் அதிகமாக மாடு வைத்திருந்த ஒருவருக்கு நானே ஒரு காளையைப் பார்த்துச் சொன்னேன். பின்தொடை அப்படியொரு சதைக்கட்டு, முதுகு பலகை மாதிரி. அவர் பசுக்களோடு கிடேரிகளையும் அதனோடு விட்டார். அடுத்த ஈற்றுக் காலத்தில் இரண்டு கிடேரிகளுக்கு வயிற்றைக் கிழித்துக் கன்று எடுக்க வேண்டியதாயிற்று. ஒன்று பிழைக்கவில்லை. பசுக்கள் எல்லாம் ஒரு சிரமமும் இல்லாமல் ஈன்றன. காளையின் மேல் குற்றமில்லை, அதைக் கிடேரிகளோடு விடலாம் என்று சொன்ன என் மேல்தான். அன்றிலிருந்து யார் காளை கேட்டாலும் முதலில் நான் கேட்பது, "தலையீற்று எத்தனை?"

தலையீற்றில் கஷ்டம் வருவதற்குப் பெரிய காரணம், கிடேரியின் இடுப்பெலும்பு வழிக்குக் கன்று பெரிதாக இருப்பது. தாயின் எடையில் சுமார் 7 சதவீதம் என்பது கன்றுக்கு வழக்கமான பிறப்பு எடை. அதைத் தாண்டத் தாண்ட ஆபத்து கூடும். கிடேரியும் தயாராக இருக்க வேண்டும். முழு வளர்ச்சியில் 550 கிலோ வரக்கூடிய மாடு என்றால், காளைக்கு விடும்போது அதில் 60 முதல் 65 சதவீதம், அதாவது 330 முதல் 360 கிலோவாவது இருக்க வேண்டும். ஈனும்போது 85 சதவீதத்தைத் தொட்டிருக்க வேண்டும். எடை குறைந்த கிடேரியை எந்த இனத்துக் காளையிடம் விட்டாலும் தவறுதான்.

பிறப்பு எடை பெரிய அளவில் பரம்பரையாக வருவது. அதனால்தான் இனச் சங்கங்கள் வெளியிடும் மரபு மதிப்பீட்டு எண்களில் (ஒரு காளையின் கன்றுகள் எப்படியிருக்கும் என்று கணித்துச் சொல்பவை) "எளிதாக ஈனுதல்" என்ற எண்ணை முதலில் பார்க்கச் சொல்கிறேன். இந்த எண்ணைக் கணக்கிடும்போதே பிறப்பு எடையையும் சேர்த்துவிடுகிறார்கள், ஆகவே இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து இரண்டு தடவை எண்ண வேண்டாம். இன்னொரு எச்சரிக்கை: ஆங்கஸ் காளையின் எண்ணையும் ஷரோலே காளையின் எண்ணையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஒவ்வொரு இனத்துக்கும் அளவுகோலின் பூஜ்யம் வேறு இடத்தில் இருக்கிறது. ஷரோலேயில் "எளிது" என்று பெயரெடுத்த காளை, ஆங்கஸ் அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. கன்று போட்டு நிரூபிக்காத இளங்காளையின் எண்கள் பின்னால் மாறக்கூடியவை. மரபணுப் பரிசோதனையும் சேர்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம். எண்ணே இல்லாமல், "இது பிறக்கும்போது சின்னக் கன்றுதான்" என்ற வாய்ச்சொல்லை மட்டும் நம்பிக் கிடேரியை விடாதீர்கள்.

நீங்கள் சொன்ன மூன்று இனங்களுக்கு வருவோம். ஆங்கஸ் ஸ்காட்லாந்தில் உருவான இனம். கொம்பில்லாத மோழை, பெரும்பாலும் கருப்பு. சீக்கிரம் பருவத்துக்கு வரும், எளிதாக ஈனும், இறைச்சிக்குள் கொழுப்பு நன்றாக இழையோடும், மகள்கள் நல்ல தாய்கள். ஷரோலே பிரான்சின் வெள்ளை மாடு. எலும்பும் சதையும் பெரிது, வளர்ச்சி வேகம், கொழுப்பு குறைவு; பிறப்பு எடையும் அதற்கேற்ப அதிகம். லிமோசினும் பிரான்சுதான், பொன்சிவப்பு நிறம். உயிர் எடையில் இறைச்சியாகக் கிடைக்கும் பங்கு இதில் அதிகம், எலும்பு மெலிது, அதனால் கன்றும் ஷரோலே அளவுக்கு இடுப்பில் சிக்குவதில்லை. சினைக்காலம் மட்டும் கொஞ்சம் நீளம்: ஆங்கஸுக்கு 280 நாளை ஒட்டி என்றால் லிமோசினுக்கு 288 நாளை ஒட்டி. குணத்தில் சுறுசுறுப்பு அதிகம் என்ற பேர் அதற்கு ரொம்ப நாளாக உண்டு. சங்கங்கள் சாதுத்தனத்தையும் எண்ணாக வெளியிட்டுத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிய பிறகு நிலைமை நன்றாகவே மாறியிருக்கிறது.

இவையெல்லாம் பாடப்புத்தகச் சித்திரம். இன்றைக்கு இந்தக் கோடுகள் மங்கிவிட்டன. அமெரிக்க வேளாண் துறையின் ஆராய்ச்சி மையம் ஒன்று நெப்ராஸ்கா மாநிலத்தில் கிளே சென்டர் என்ற ஊரில் இருக்கிறது. 1969-இலிருந்து அங்கே இனங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்து ஒப்பிட்டு வருகிறார்கள். தொடக்கத்தில் ஐரோப்பியக் கண்டத்து இனங்களுக்கும் ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு போன்ற பிரிட்டிஷ் இனங்களுக்கும் வளர்ச்சியில் இருந்த இடைவெளி, பின்னால் வந்த சோதனைச் சுற்றுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆங்கஸ்காரர்கள் வளர்ச்சியைத் துரத்தினார்கள். ஷரோலேக்காரர்கள் பிறப்பு எடையைக் குறைத்தார்கள். ஆகவே "ஆங்கஸ் என்றால் சின்னது" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. வளர்ச்சிக்காகவே தேர்ந்தெடுத்த ஆங்கஸ் வழிகளில் கிடேரிக்கு ஆகவே ஆகாத காளைகளும் உண்டு. ஒரே இனத்துக்குள் காளைக்குக் காளை இருக்கும் வித்தியாசம், இனத்துக்கு இனம் இருக்கும் வித்தியாசத்துக்குக் குறைந்ததில்லை. இதை உறுதியாகவே சொல்லலாம்.

அதே அளவு உறுதியாகச் சொல்லக்கூடிய இன்னொன்று கலப்பின வீரியம். வேறு இனத்தைச் சேர்க்கும்போது கன்றுக்கு இரண்டு பெற்றோரின் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதல் பலம் கிடைக்கிறது. கன்றில் தெரியும் லாபம் சிறியது, பால்மறக்கும் எடையில் 5 சதவீதம் போல. பெரிய லாபம் தாய் கலப்பினமாக இருப்பதில்தான். பிரிட்டிஷ் இனங்களை வைத்துச் செய்த சோதனைகளில், காளைக்கு விட்ட ஒவ்வொரு பசுவுக்கும் கணக்குப் பார்த்தால், பால்மறந்த கன்றின் எடை தூய இனத்தைவிட 20 முதல் 25 சதவீதம் கூடியது. அதில் பாதிக்கு மேல் கலப்பினத் தாயினால் வந்தது: அவை சீக்கிரம் சினை பிடிக்கின்றன, கன்றை இழப்பது குறைவு, அதிக வருடம் மந்தையில் நிற்கின்றன. சினை பிடித்தல் போன்ற குணங்களைத் தேர்வு மூலம் மெதுவாகத்தான் உயர்த்த முடியும், ஏனென்றால் அவை பரம்பரையாக வருவது குறைவு. கலப்பு அதே குணங்களை ஒரே தலைமுறையில் உயர்த்திவிடுகிறது. உங்கள் பசுக்களில் ஹெர்ஃபோர்டு இருப்பதால் மறுபடி ஹெர்ஃபோர்டு காளை போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஹெர்ஃபோர்டு இனத்தில் குறையொன்றும் இல்லை.

சரி, இந்த வீரியத்தை எப்படித் தக்கவைப்பது? புத்தகத்தில் சொல்லும் சுழற்சி முறைக்கு இரண்டு மூன்று காளைகளும் தனித்தனி மேய்ச்சல் பகுதிகளும் வேண்டும். 18 மாட்டுக்கு அது நடக்காது. எளிய வழி, காளையைக் காலத்தால் சுழற்றுவது: இப்போது ஓர் இனம், மூன்று வருடம் கழித்து வேறோர் இனம். இரண்டு இனச் சுழற்சியை ஒழுங்காக நடத்தினால் முழு வீரியத்தில் 67 சதவீதம் நிலைத்து நிற்கும். ஒரே காளையோடு காலத்தால் சுழற்றும்போது அந்த அளவு முழுதாக வராது, ஆனாலும் பெரும்பங்கு கிடைக்கும். இன்னொரு வழி கலப்பினக் காளையே வாங்குவது, உதாரணமாகச் சிமென்டல் என்ற ஐரோப்பியக் கண்டத்து இனமும் ஆங்கஸும் சேர்ந்தது. கலப்பினக் காளை போட்டால் கன்றுகள் ஆளுக்கொரு மாதிரி பிறக்கும் என்று பயமுறுத்துவார்கள். நிறம் வேண்டுமானால் கலையும். எடையிலும் வளர்ச்சியிலும் தூய இனக் கன்றுகளைவிடப் பெரிதாகச் சிதறுவதில்லை என்பதையும் அந்தக் கிளே சென்டர் சோதனைகளே காட்டிவிட்டன.

பெரிய காளை வாங்கினால் எடை கூடும் என்று உங்களிடம் சொன்னவர் பாதி சரி. கன்று எடை கூடும். மகள்களை வைத்துக்கொண்டால் பசுவின் எடையும் கூடும், தீவனமும் கூடும். ஒரு பசு தினமும் தன் எடையில் 2 முதல் 2.5 சதவீதம் காய்ந்த தீவனக் கணக்கில் தின்கிறது. 500 கிலோ பசு 650 கிலோ ஆகும்போது அந்தக் கூடுதல் 150 கிலோவுக்கு வருடம் முழுக்க நீங்கள் சோறு போட வேண்டும், கன்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். பாலும் அப்படித்தான். சிமென்டல், கெல்ப்ஃபீ போன்ற பால் கூடின இனங்களின் மகள்கள் நல்ல மேய்ச்சலில் அருமையான கன்று வளர்ப்பார்கள். மேய்ச்சல் காய்ந்தால் அந்தப் பால் பசுவின் உடம்பைக் கரைத்து வருவது, பிறகு அந்தப் பசு பருவத்துக்கே வராது.

இதை நாள் கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமென்றால் 365 நாளில் சினைக்காலம் 283 போய்விடுகிறது. மீதி 82 நாள். ஈன்ற பிறகு கருப்பை பழைய நிலைக்குத் திரும்பிப் பசு பருவத்துக்கு வரவே 45 முதல் 60 நாள் ஆகலாம். தலையீற்று மாட்டுக்கு இன்னும் கூட. பருவச் சுழற்சி 21 நாள். ஆக ஒரு பசுவுக்குக் கிடைப்பது ஒரு வாய்ப்பு, மிஞ்சினால் இரண்டு. மெலிந்த பசு அந்த வாய்ப்பைத் தவறவிடும். அப்புறம் கன்றின் 15 கிலோ கூடுதல் எடையைப் பற்றிப் பேசி என்ன பயன், கன்றே இல்லாதபோது?

வெயில் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. வருடத்தில் பல மாதம் கடும் சூடும் உண்ணித் தொல்லையும் இருக்கிற இடம் என்றால் நான் சொல்லும் இனமே மாறும். அங்கே திமில் உள்ள இனங்களின் ரத்தம் கொஞ்சமாவது வேண்டும். பிராமன் என்று அமெரிக்காவில் பேர் பெற்றது இந்தியாவிலிருந்து போன ஓங்கோல், காங்கிரேஜ், கிர் போன்ற மாடுகளிலிருந்து உருவானதுதான். பிரேசிலில் மேயும் நெலோர் மந்தைகளும் நம் ஓங்கோலின் வழிதான். அவற்றின் தளர்ந்த தோல், வியர்க்கும் திறன், உண்ணியைத் தாங்கும் குணம் எல்லாம் நிஜம். பருவத்துக்கு வருவது தாமதம், இறைச்சி சற்றுக் கடினம் என்பதும் நிஜம். அதனால்தான் எட்டில் மூன்று பங்கு பிராமனும் ஐந்து பங்கு ஆங்கஸும் சேர்ந்த பிராங்கஸ், அதே விகிதத்தில் ஷார்ட்ஹார்ன் சேர்ந்த சான்டா கெர்ட்ருடிஸ் போன்ற நிலைப்படுத்திய கலப்பினங்கள் உருவாயின.

இங்கே பலர் விழுகிற ஒரு குழி உண்டு. பிராமன் பசுவின் கன்று பிறக்கும்போது சிறியது என்று கேள்விப்பட்டு, பிராமன் காளையைத் திமிலில்லாத இனத்துக் கிடேரியிடம் விடுவார்கள். விளைவு தலைகீழ். பிராமன் தாய் கன்றின் எடையை வயிற்றிலேயே அடக்கி வைக்கிறாள். பிராமன் தகப்பனாக இருந்து தாய் ஹெர்ஃபோர்டோ ஆங்கஸோ ஆனால், கன்று, முக்கியமாகக் காளைக்கன்று, எதிர்பார்ப்பைவிடக் கனமாகப் பிறக்கும். சினைக்காலமும் நீளும். பிராமன் காளையை ஈன்று பழகிய பசுக்களோடு மட்டும் விடுங்கள்.

கேள்விப்பட்டு ஆசைப்படக்கூடிய வேறு சில இனங்களையும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியன் ப்ளூ படத்தில் பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணு பழுதானதால் வந்த சதை அது. தூய இனத்தில் பெரும்பாலான கன்றுகளை அறுவை செய்துதான் எடுக்கிறார்கள். கலப்புக்குப் போட்டால் அவ்வளவு மோசமில்லை, ஆனால் சின்ன மந்தைக்குத் தேவையில்லாத தலைவலி. வாக்யு, கொழுப்பு இழையோடிய இறைச்சிக்குத் தனி விலை கொடுத்து வாங்குகிறவர் முன்கூட்டியே கையில் இருந்தால் மட்டும். பால்மறந்த கன்றாக எடைக்கு விற்கிற உங்களுக்கு அதன் மெதுவான வளர்ச்சி நஷ்டம்.

இனம் முடிவானதும் காளைக்கு வருவோம். என்னைக் கேட்டால் இதுதான் இனத்தைவிட முக்கியம், ஏனென்றால் ஒரே காளை வைத்திருக்கிற மந்தையில் அது மலடானால் அந்த வருடமே போயிற்று. நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போகிற அளவுக்கு அழகான ஒரு காளையை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பரிசோதனை இல்லாமல் வாங்கியது. ஏறியது, இறங்கியது, எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. சினைப் பார்க்கப் போனபோது 16 பசுக்களில் 3 மட்டும் சினை. விந்தில் பெரும்பகுதி வால் முறுக்கிய, தலை கோணிய அணுக்கள். பரிசோதிக்கப்படும் காளைகளில் பத்துக்கு ஒன்றோ இரண்டோ தேறாமல் போவது சாதாரணம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஆகவே வாங்குமுன் கால்நடை மருத்துவரை வைத்து முழு இனவிருத்திப் பரிசோதனை செய்யுங்கள். விரைப்பையின் சுற்றளவு 15 மாதக் காளைக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர், இரண்டு வயது தாண்டியதற்கு 34. விந்தணுக்களில் 70 சதவீதமாவது சரியான வடிவில் இருக்க வேண்டும், 30 சதவீதமாவது நேராக முன்னோக்கி நீந்த வேண்டும். சுற்றளவு பெரிதாக இருக்கும் காளையின் மகள்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருவார்கள், அது கூடுதல் லாபம். இந்தச் சோதனை அன்றைய நிலவரத்தைத்தான் சொல்கிறது. விந்தணு உருவாகி முடிய 60 நாள் போல ஆவதால், நடுவில் கடும் காய்ச்சலோ வெப்பமோ தாக்கினால் இரண்டு மாதத்துக்குப் பாதிப்பு தெரியும். காளைக்கு ஏறும் ஆசை உண்டா என்பதையும் இந்தச் சோதனை சொல்லாது. அதை நீங்கள் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

வயதும் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். முழு வளர்ந்த காளை ஓர் இனச்சேர்க்கைக் காலத்தில் 25 முதல் 30 பசுக்களைச் சமாளிக்கும். இளங்காளைக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: எத்தனை மாத வயதோ அத்தனை மாடு. 15 மாதக் காளைக்கு 15 மாடு. உங்கள் 18-க்கு ஒன்றரை வயதுக் காளையே போதும், இரண்டு வயது என்றால் நிம்மதி. கண்காட்சிக்குக் கொழுக்க வைத்த காளையைத் தவிர்த்துவிடுங்கள். விரைப்பையின் கழுத்தில் சேரும் கொழுப்பு சூட்டை வெளியேற விடாது, புல்லுக்கு மாறியதும் உடம்பும் சட்டென்று கரைந்துபோகும். நல்ல நிலையில் உள்ள காளையே ஓர் இனச்சேர்க்கைக் காலத்தில் 50 முதல் 90 கிலோ இழக்கும்.

நடக்க விட்டுப் பாருங்கள். பின்னங்கால் தூண் மாதிரி நேராக இருந்தால் ஏறி இறங்கி மூட்டு சீக்கிரம் கெடும். குளம்பு கத்தரிக்கோல் போலக் குறுக்கே வளர்ந்திருந்தால் அது மகள்களுக்கும் போகும். மோழைக் குணம் ஓங்கி வருவது, தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் மோழை மரபணு பெற்ற காளை என்றால் அநேகமாக எல்லாக் கன்றும் கொம்பில்லாமல் பிறக்கும், கொம்பு தீய்க்கிற வேலை மிச்சம். குணத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மூலையில் நின்று தலையைத் தாழ்த்தி மண்ணைக் கிளறுகிற காளை எவ்வளவு நல்ல எண் வைத்திருந்தாலும் வேண்டாம். சாதுவான காளையானாலும் முதுகைக் காட்டக் கூடாது என்பது வேறு விஷயம்.

நோய் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். காளை வெளியே ஒரு அறிகுறியும் காட்டாமல் சுமந்து வரும் இரண்டு நோய்கள் உண்டு, டிரைகோமோனாஸ், கேம்பைலோபாக்டர் என்று பேர். இரண்டும் ஏறும்போது பரவி, கருவைக் கலைத்து, பசுக்களைத் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வர வைக்கும். காளைக்கு வயது கூடக் கூட இவற்றைச் சுமக்கும் வாய்ப்பும் கூடும். அதனால் இதுவரை எந்த மாட்டோடும் சேராத இளங்காளை பாதுகாப்பு. இரவல் காளை, பல மந்தை சுற்றிய வாடகைக் காளை இரண்டும் சோதனைச் சான்று இல்லாமல் வேண்டாம். கன்று வீச்சு நோய்க்கும் (புரூசெல்லோசிஸ்) ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

காளை வாங்கத்தான் வேண்டுமா என்பதையும் யோசித்துப் பாருங்கள். 18 மாட்டில் வருடத்துக்கு 16 கன்று என்று வைத்தால், மூன்று வருடத்தில் 48 கன்றுகள். காளையின் விலையும் தீவனமும் அந்த 48-இன் மேல் பரவுகிறது. அது தாங்கும் என்றால் காளைதான் வசதி, பருவத்தைக் கண்டுபிடிக்கிற வேலை அதனுடையது. மகள்களை நிறுத்தினால் அதே காளையை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஏனென்றால் முதல் வருடத்து மகள்கள் அதற்குள் காளைக்குத் தயாராகிவிடுவார்கள். தகப்பனும் மகளும் சேர்ந்தால் கன்றின் உள்ளினச் சேர்க்கை அளவு 25 சதவீதம், மறைந்திருக்கும் குறைகள் வெளியே வருவது அப்போதுதான். பத்து மாட்டுக்குக் கீழ் என்றால் சினை ஊசியே (செயற்கைக் கருவூட்டல்) போதும் என்பேன். உங்கள் எண்ணிக்கையில் இரண்டையும் சேர்க்கலாம்: அந்த நான்கு கிடேரிகளுக்கு மட்டும், எளிதாக ஈனுவதில் நிரூபிக்கப்பட்ட ஆங்கஸ் காளையின் உறைவிந்தில் சினை ஊசி போடுவது. நான்கு பேரைக் காலையும் மாலையும் பார்த்துப் பருவம் குறிப்பது பெரிய வேலையில்லை. அப்படிச் செய்தால் பசுக்களுக்கு எந்தக் காளை வாங்கினாலும் தலையீற்றுக் கவலை உங்களைவிட்டுப் போய்விடும். சினை பிடிக்காத கிடேரியைக் கொண்டுபோய்ப் பெரிய காளையிடம் விட்டுவிடாதீர்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடி ஊசி போடுங்கள்.

இப்போது நேரான பதில். மிதமான தட்பவெப்பம், ஹெர்ஃபோர்டு கலந்த பசுக்கள், கிடேரிகளையும் அதே காளையோடுதான் விட வேண்டும், மகள்களில் சிலவற்றை நிறுத்தவும் போகிறீர்கள் என்றால்: மிதமான உடலளவும், எளிதாக ஈனும் எண்ணில் இனத்தின் மேல்பகுதியில் இருப்பதுமான மோழை ஆங்கஸ் காளை. மூன்று வருடம் கழித்துச் சிமென்டல் அல்லது சிமென்டல்–ஆங்கஸ் கலப்பு. எல்லாக் கன்றும் விற்பனைக்கு, கிடேரிகளுக்குச் சினை ஊசி என்றால்: ஷரோலே அல்லது லிமோசின். எடைக்கு விற்கிற உங்களுக்கு ஷரோலேதான் கொஞ்சம் முன்னால் நிற்கும் என்பது என் எண்ணம். இதை அடித்துச் சொல்ல மாட்டேன், உங்களிடம் கன்று வாங்குகிறவர் எந்த நிறத்துக்கும் உடலமைப்புக்கும் கூடுதல் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்து மாறும். சூடும் உண்ணியும் உள்ள இடம் என்றால் மூன்றையும் விட்டுவிட்டுப் பிராங்கஸ் பக்கம் பாருங்கள்.

காளை வீட்டுக்கு வந்ததும் நேரே மந்தைக்குள் விடாமல் 30 நாள் தனியாக வையுங்கள். வேறு இடத்திலிருந்து வந்தது புதுத் தீவனத்துக்கும் புதுக் கிருமிகளுக்கும் பழக அவ்வளவு நாள் வேண்டும். பிறகு மந்தையோடு விட்ட முதல் வாரம் தினமும் போய் நின்று பாருங்கள்: ஏறுகிறதா, முழுதாகச் சேர்கிறதா, ஒரே பசுவின் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருக்கிறதா. எந்தப் பசு எந்தத் தேதியில் சேர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே பசுக்களைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு திரும்பப் பருவத்துக்கு வருவது இயல்பு, பாதிக்கு மேல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கூப்பிட்டு விந்தை மறுபடி பாருங்கள், கையோடு வேறு காளைக்கும் சொல்லி வையுங்கள். இனச்சேர்க்கைக் காலம் முடியட்டும் என்று இரண்டு மாதம் காத்திருந்தால் அந்த வருடக் கன்றுகள் கைவிட்டுப் போயிருக்கும்.